நிலத்தின் விலையும் கைமாற்றும்: சேலம், ஏற்காடு பக்கம் மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலம் விற்கப் போகிறவர்கள், வாங்கப் போகிறவர்கள், பாகம் பிரிக்கிற குடும்பங்கள், ஊர் ஊராக விலை நிலவரத்தைத் தொகுக்க நினைக்கும் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. விலையை மட்டும் விசாரித்தால் போதாது. அந்த ஊரில் வருஷத்துக்கு எத்தனை நிலம் உண்மையாகவே கைமாறுகிறது என்பதையும் சேர்த்து விசாரித்தால்தான் அந்த விலையை நம்பலாமா என்று தெரியும்.

ஒரே இடத்துக்கு ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

ஒரு மனைக்கு ஒரே நேரத்தில் ஐந்து விலை இருக்கும். விற்பவர் வாயால் சொல்வது ஒன்று. பேரம் முடிந்து கைக்கு வருவது இன்னொன்று. கிரயப் பத்திரத்தில் எழுதுவது மூன்றாவது. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு நான்காவது. வங்கிக் கடனுக்காக மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுப்பது ஐந்தாவது. இதில் நமக்கு வேண்டியது இரண்டாவது, கைக்கு வந்த தொகை. அதுதான் எங்கேயும் அப்படியே பதிவாவதில்லை. மற்ற நான்கையும் வைத்து அதை நெருங்கிப் போவதுதான் மதிப்பீடு.

இணையத்தில் விளம்பரமாக வரும் விலை சொல்லும் விலைதான். அதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதற்கு மரியாதை தர வேண்டாம்.

வழிகாட்டி மதிப்பையே சந்தை விலையாகக் கொள்ளலாமா?

கூடாது. முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் அளவு அது. பதிவுத்துறை இணையதளத்தில் தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் யாரும் பார்க்கலாம். சில தெருக்களில் அது சந்தை விலைக்குப் பாதிகூட வராது. சில ஊர்களில், முக்கியமாக வாங்க ஆளில்லாத உள்காட்டில், சந்தை விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த அளவு அவ்வப்போது துள்ளும். 2012 ஏப்ரலில் மாநிலம் முழுக்க மாற்றினார்கள். 2017 ஜூனில் ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய அளவுக்கு ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். 2024 ஜூலை 1 முதல் மறுபடி திருத்திய மதிப்பு வந்தது. இப்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் செலவு.

பத்திரத்தில் பலரும் வழிகாட்டி மதிப்பையே விலையாக எழுதுவதால், இந்தத் துள்ளல் எல்லாம் பத்திர விலையிலும் அப்படியே வந்துவிடும். 2016-இல் எழுதிய பத்திரத்தையும் 2018-இல் எழுதியதையும் பக்கத்தில் வைத்தால், சேலத்தில் நிலம் மூன்றில் ஒரு பங்கு விலை சரிந்த மாதிரி தெரியும். அப்படி எதுவும் நடக்கவில்லை. பல வருடக் கணக்கை ஒரே கோடாக வரைகிறவர்கள் இந்த இடங்களில் கோட்டை உடைத்துத்தான் வரைய வேண்டும்.

பதிவான விலையை எங்கே பார்ப்பது?

வில்லங்கச் சான்றில், அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியலில். பலரும் அதைக் கடன் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் எடுக்கிறார்கள். விலை ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல சாதனம் சாதாரண மனிதர் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பதிவுத்துறை தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் சர்வே எண்ணோடு நிற்காமல், சுற்றியுள்ள எண்களையும் போட்டுப் பாருங்கள்.

ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். ஆவண எண்ணும் ஆண்டும் முதலில் இருக்கும். பிறகு எழுதிய நாள், பதிவு நாள், ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர். அதற்குக் கீழே மூன்று விவரம் இருக்கும்: கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு (பெயர்தான் அப்படி, வழிகாட்டி மதிப்பை வைத்துப் போட்டது), முந்தைய ஆவண எண். அதன் கீழ் சொத்து விவரமும் விஸ்தீரணமும்.

கைமாற்றுத் தொகையும் சந்தை மதிப்பும் ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருந்தால், விலை வழிகாட்டி மதிப்பை ஒட்டி எழுதப்பட்டிருக்கிறது. அதிலிருந்து உண்மை விலை பற்றி ஒன்றும் தெரியாது. கைமாற்றுத் தொகை தெளிவாக அதிகமாக இருந்தால் அந்தப் பத்திரத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த வரியிலேயே, அதே நாளிலோ சில நாள் கழித்தோ, உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வங்கிக் கடன் போட்டு வாங்கியிருக்கிறார்கள். கடன் கூடுதலாகக் கிடைக்க விலையை உள்ளபடி, அல்லது கிட்டத்தட்ட உள்ளபடி எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்திருக்கும். ஒரு தெருவில் இப்படி நாலு பத்திரம் கிடைத்தாலே தரகர் நாற்பது பேரைக் கேட்பதற்குச் சமம்.

முந்தைய ஆவண எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் அதே மனை முன்பு என்ன விலைக்குக் கைமாறியது என்று தெரியும். ஒரே சொத்து இரண்டு முறை விற்ற விலையை ஒப்பிடுவது மிக நேர்மையான முறை. இடம், முகப்பு, தெரு எதுவும் மாறாது, காலம் மட்டும்தான் மாறியிருக்கும். 6 லட்சத்துக்கு வாங்கியது 8 வருஷம் கழித்து 12 லட்சத்துக்குப் போயிருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 சதவீத ஏற்றம். ஆனால் இரண்டு பத்திரமும் 2017-க்கும் 2023-க்கும் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆவணங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது?

கிரயம் தவிர எதையும் விலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் எல்லாம் குடும்பத்துக்குள் நடப்பவை. அடமானம் கைமாற்றே கிடையாது. திருத்தல் பத்திரம் ஏற்கெனவே எண்ணிய கிரயத்தை இரண்டாவது முறை எண்ண வைத்துவிடும். கிரய ஒப்பந்தமும் வேண்டாம், பாதிப் பேர் அதை முடிப்பதில்லை.

கிரயத்திலும் சிலவற்றைக் கழிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள், மாமன் மச்சானுக்குள் நடந்த கிரயம், கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்த கிரயம், பிரிபடாத பாகத்தை விற்றது, வழக்கு நிலுவையில் உள்ளது ஆகியவை. தகப்பன் பெயர் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் பங்காளி விவகாரம்தான்.

பத்திரத்தில் குறைத்து எழுதுகிறார்கள். அப்புறம் உண்மை விலை எப்படித் தெரியும்?

முழுத் தொகையும் வெளிப்படையாக வரும் விற்பனைகளைத் தேடுங்கள். வங்கிக் கடனில் வாங்கியவை பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்தது வங்கிகளின் ஏலம். 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின்கீழ் வங்கிகள் விற்கும் சொத்துகளுக்கு நாளிதழிலும் இணையத்திலும் அறிவிப்பு வரும். சர்வே எண், விஸ்தீரணம், குறைந்தபட்ச ஏலத்தொகை எல்லாம் அதில் இருக்கும். ஏலம் முடிந்து விற்பனைச் சான்று பதிவானதும் வில்லங்கத்தில் விலை தெரிந்துவிடும். குடியிருப்பவரைக் காலி செய்ய வேண்டிய சிரமம் இருப்பதால் ஏல விலை சந்தையைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். அதைக் கீழ் எல்லையாக வையுங்கள். வீட்டு வசதி வாரியம் விற்கும் மனைகளின் விலையும் பகிரங்கமானது.

இந்த உண்மை விலைகளுக்கும் அதே தெருவின் வழிகாட்டி மதிப்புக்கும் உள்ள விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு பகுதியில் அது 1.8 மடங்கு என்று வந்தால், அந்தப் பகுதியின் மற்றப் பத்திரங்களையும் அதை வைத்துத் திருத்தலாம். நகருக்குள் கண்ட விகிதத்தைத் தூக்கிக்கொண்டு போய் தலைவாசல் ஊர்ப்பக்கம் போடாதீர்கள். பகுதிக்குப் பகுதி அது வேறு.

விலை எழுதுவதில் சில தொகைகளுக்குக் கீழே கூட்டம் சேரும் வாய்ப்பு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். 30 லட்சமும் அதற்கு மேலும் போனால் விவரம் வருமான வரித்துறைக்குப் போகும். 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 சதவீத வரி பிடித்துக் கட்ட வேண்டும். 10 லட்சம் வரை பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை, 2025 ஏப்ரல் 1 முதல்.

குறைத்து எழுதுவதால் யாருக்கு லாபம் என்று விற்பவர்கள் யோசிக்க வேண்டும். வழிகாட்டி மதிப்புக்குக் கீழே எழுதினால், முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் ஆவணம் தனித்துணை ஆட்சியருக்குப் போகும். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் வருமான வரிச் சிக்கல். நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தவறு. வாங்கிய தொகைக்கு ஈடாகவே அபராதம் விழலாம்.

சராசரி எடுப்பதா, நடு மதிப்பு எடுப்பதா?

நடு மதிப்பு. ஒரு தெருவில் ஏழு கிரயம், சதுர அடி 1,100, 1,150, 1,200, 1,250, 1,300, 1,400, 4,000 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1,629 வரும். அந்தத் தெருவில் அந்த விலைக்கு ஒரு மனையும் விற்கவில்லை. வரிசையின் நடுவில் இருக்கும் 1,250 தான் தெருவின் நிலவரம். 4,000-க்குப் போனது முனை மனையாகவோ கடை முகப்பாகவோ இருக்கும்.

கைமாற்று விகிதம் என்றால் என்ன? அதை நாமே கணக்கிட முடியுமா?

ஒரு ஊரில் உள்ள மொத்தச் சொத்துகளில் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் கிரயம் ஆகிறது என்பதுதான். கணக்குக்காக, 'அ' பதிவேட்டில் (கிராமத்தின் நில உட்பிரிவுகளைப் பட்டியலிடும் வருவாய்த்துறைப் பதிவேடு) 1,200 உட்பிரிவு உள்ள கிராமத்தில் ஒரு வருஷத்தில் 30 கிரயம் ஆனால் விகிதம் 2.5 சதவீதம். ஒரு நிலம் சராசரியாக 40 வருஷத்துக்கு ஒரு தடவை கைமாறுகிறது என்று பொருள்.

சார்பதிவாளர் அலுவலகம் முழுமைக்கும் உத்தேசக் கணக்கு வேண்டுமானால் ஒரு சுலபமான வழி உண்டு. அசையாச் சொத்து ஆவணங்கள் எல்லாம் முதலாம் புத்தகத்தில் ஏறும். எண் ஒவ்வொரு ஜனவரியிலும் 1-இலிருந்து தொடங்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் பதிவான ஏதாவது ஓர் ஆவணத்தின் எண்ணைக் கண்டுபிடித்தால் அந்த வருஷம் அங்கே மொத்தம் எத்தனை பதிவாயிற்று என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். உயில் வேறு புத்தகத்தில் ஏறுவதால் இந்த எண்ணில் கலக்காது. அடமானமும் செட்டில்மென்டும் கலந்திருக்கும். பரவலாகச் சில சர்வே எண்களுக்கு வில்லங்கம் போட்டு, நூற்றுக்கு எத்தனை கிரயம் என்று பார்த்து அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒரே பத்திரத்தில் நாலு உட்பிரிவு விற்றிருக்கலாம். அப்புறம், புதிய லே-அவுட் போட்டவர் ஒரே வருஷத்தில் 80 மனை விற்றிருந்தால் விகிதம் எங்கேயோ போய்விடும். அவற்றைத் தனியாக எண்ணுங்கள். மனை வாங்கியவர் அதைத் திரும்ப விற்றாரா, என்ன விலைக்கு விற்றார் என்பதுதான் அந்த இடத்தின் தகுதியைச் சொல்லும். லே-அவுட் போட்டவர் சொன்ன விலைக்கு முதல் விற்பனை நடந்து, பத்து வருஷத்தில் மறுவிற்பனையே இல்லாத மனைப் பிரிவுகள் நம் மாவட்டத்தில் ரோட்டோரமெல்லாம் முள்ளு மண்டிக் கிடக்கின்றன. மாதத் தவணை கட்டி அந்த மனையை வாங்கியவர் பெரும்பாலும் தறி ஓட்டுகிறவராகவோ பட்டறையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவராகவோ இருப்பார். மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று நம்பி வாங்கியது. மறுவிற்பனையை முன்பே பார்க்கச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அவர் பணம் தப்பியிருக்கும்.

மாதா மாதம் ஒப்பிடலாமா?

வேண்டாம். ஆடியில் பதிவு படுத்துவிடும். ஆவணி, தை முகூர்த்த நாட்களில் டோக்கன் பற்றாமல் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் தரும். வழிகாட்டி மதிப்பு ஏறப்போகிறது என்று செய்தி வந்தால் அதற்கு முந்தைய வாரம் கூட்டம் நிரம்பும், அடுத்த மாதம் காலியாக இருக்கும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது பணம் எடுத்துப் போகப் பயந்து தள்ளிப்போடுவார்கள். போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், முடிந்தால் முழு வருஷத்தோடு.

சேலத்தை எப்படிப் பகுதி பிரித்துப் பார்ப்பது?

தாலுகா எல்லையை வைத்துப் பிரித்தால் ஒன்றும் புரியாது. சேலத்தில் விலை ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். பெங்களூரு பக்கம் ஓமலூர் ரோடு: ஐந்து ரோடு தாண்டி, கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம், அதற்கப்புறம் காமலாபுரம் விமான நிலையம் வரை ஒரு வரிசை. 2023 அக்டோபரில் விமானம் மறுபடி பறக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் விசாரிக்கிறவர்கள் கூடினார்கள். விசாரணை வேறு, கிரயம் வேறு என்பதை மறக்க வேண்டாம். கொண்டலாம்பட்டியிலிருந்து சங்ககிரி நோக்கி கோவை ரோடு, சீலநாயக்கன்பட்டியிலிருந்து மல்லூர் வழியாக நாமக்கல் ரோடு, அயோத்தியாப்பட்டணம் வழியாக ஆத்தூர் ரோடு என்று ஒவ்வொன்றும் தனிச் சந்தை. கன்னங்குறிச்சி, கொண்டப்பநாயக்கன்பட்டி என்று ஏற்காடு அடிவாரம் நோக்கிப் போவது குடியிருப்பவர்களின் சந்தை. அங்கே காற்றுக்கும் தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை மாதிரியான பழைய பேட்டைகள் வேறு ரகம். பொதுச் சுவர், சந்து வழி, மூன்று தலைமுறையாகப் பிரிக்காத வீடு. கிரயம் அபூர்வம். வரும் ஒன்றிரண்டும் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதாக இருக்கும். பக்கத்துக்காரர் தன் இடத்தோடு சேர்க்க வேண்டிக் கூட்டிக் கொடுத்த விலையைத் தெரு விலையாக எடுக்கக் கூடாது.

பிரதான ரோட்டிலிருந்து உள்ளே போகப் போக விலை எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். முகப்பு மனை, முதல் தெரு, அரை கிலோமீட்டர் உள்ளே, இரண்டு கிலோமீட்டர் உள்ளே என்று நாலு அடுக்காகப் பத்திரங்களைப் பிரித்தால் போதும். பல ஊர்களில் இரண்டாவது அடுக்கிலேயே விலை பாதியாகிவிடும்.

தோட்டம், காடு எல்லாம் எப்படி மதிப்பிடுவது?

ஏக்கருக்கு இவ்வளவு என்று மொட்டையாகச் சொல்வதை ஏற்காதீர்கள். முதலில் தடம். வண்டி போகும் தடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, இல்லை வாய்ப்பேச்சா? தடமில்லாத ஐந்து ஏக்கர், தடமுள்ள மூன்று ஏக்கர் விலைக்குக்கூடப் போகாது. அடுத்தது தண்ணீர்: கிணறு தனியா, பங்கா? பங்கு என்றால் எத்தனை நாள் முறை? போர் எத்தனை அடி, கோடையில் ஓடுகிறதா? விவசாய இலவச மின் இணைப்பு இருக்கிறதா, யார் பெயரில்? புது இணைப்புக்குக் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அப்புறம்தான் மண்ணும் பயிரும். வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் காய்ப்பில் உள்ள பாக்குத் தோப்பும், அதை ஒட்டிய மானாவாரிக் காடும் ஒரே சர்வே எண்ணில் இருந்தாலும் ஒரே விலையில்லை. ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் காட்டுக்குக் கிழங்கு விலை ஏறி இறங்குவதைப் பொறுத்து கேட்பு மாறும். மேட்டூர் கால்வாய்ப் பாசனத்துக்கு உட்பட்டதா, தாண்டியதா என்பது எடப்பாடி, சங்ககிரி பக்கம் பெரிய வித்தியாசம்.

பயிர் வருமானத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இன்றைய விலை நிற்காது. அந்த வருமானத்துக்கு மேல் எவ்வளவு கேட்கிறார்களோ அவ்வளவும் மனையாகும் என்ற நம்பிக்கைக்கான விலை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கைமாற்று விகிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏற்காட்டில் விலை ஏன் இவ்வளவு குழப்பம்?

ஏனென்றால் ஒரே மலையில் மூன்று சந்தை இருக்கிறது.

முதலாவது, ஏரியைச் சுற்றிய டவுன். விடுதி, பங்களா, தங்கும் வீடு. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சேலம், பெங்களூரு, சென்னைக்காரர்கள். சதுர அடிக் கணக்கில் பேசுவார்கள். காட்சி தெரியும் இடம், ரோடு ஓரம், தண்ணீர் உள்ள இடம் என்றால் விலை கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, எஸ்டேட். 19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து வளர்ந்த தோட்டங்கள். இங்கே ஏக்கர் கணக்கு. அராபிகா செடியின் வயது, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், அதில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி, குடோன், கூலியாட்கள் குடியிருப்பு எல்லாம் சேர்த்துத்தான் விலை. காபிக்கும் மிளகுக்கும் நல்ல விலை வந்த வருஷங்களில் விற்க யாரும் முன்வர மாட்டார்கள். காபி விலை படுத்து, ஆளும் கிடைக்காமல் போகும்போது எஸ்டேட் சந்தைக்கு வரும். அதனால் கைமாற்று அதிகமான வருஷத்து விலை தாழ்ந்ததாகவும், கைமாற்றே இல்லாத வருஷத்து விலை உயர்ந்ததாகவும் காட்டும். பெரிய எஸ்டேட்டின் ஏக்கர் விலையை எடுத்து அரை ஏக்கர் துண்டுக்குப் போடுவதும், துண்டின் விலையை எஸ்டேட்டுக்குப் பெருக்குவதும் இரண்டுமே தப்பு. தோட்டப் பயிர் நிலத்துக்கு 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. தோட்டமாக இருப்பதால் கிடைத்த விலக்கு என்பதால், துண்டு போட்டு விற்கிறவரிடம் அந்த விலக்கு இன்னும் நிற்குமா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, மலையாளிப் பழங்குடி மக்களின் கிராம நிலங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மடுவு, வெள்ளக்கடை, மாரமங்கலம் என்று மலை முழுக்கப் பரவியிருக்கின்றன. இதில் அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலங்களைப் பழங்குடி அல்லாதவர் வாங்க முடியாது. அப்படி வாங்கியது செல்லாது, நிலம் அரசுக்கே திரும்பலாம். விலை மலிவு என்று யாராவது வந்தால் முதலில் பட்டாவின் மூலத்தை விசாரியுங்கள். இந்த நிலத்தின் விலையைப் பொதுச் சந்தைக் கணக்கில் கலக்கவே கூடாது. அந்த மக்களிடம் இருக்கும் ஒரே சொத்து அது. சட்டம் போட்ட வேலியை மதிப்பீடு செய்கிறவர்களும் மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இதற்கெல்லாம் மேலே மலையிடப் பாதுகாப்பு விதிகள். ஹாக்கா என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் ஏற்காடு இருப்பதால் மனைப் பிரிவுக்கும் கட்டடத்துக்கும் சமவெளியில் இல்லாத அனுமதிகள் வேண்டும். கட்ட முடியாத இடத்துக்குக் காட்சிக்கான விலை கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கிரயம் குறைவு என்பதால் ஒரு வருஷக் கணக்கு இங்கே செல்லாது. ஐந்து வருஷத்தைச் சேர்த்து எடுத்து, மூன்று சந்தையையும் தனித்தனியாக வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள அடிவார ரோட்டை ஒட்டியதா, குப்பனூர் ரோட்டை ஒட்டியதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கீகாரமில்லாத மனை விலையைச் சேர்க்கலாமா?

தனியாக வையுங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப் பிரிவுகளை வரன்முறை செய்ய 2017-இல் விதிகள் வந்தன. ஆகவே டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் உள்ளது, வரன்முறை ஆனது, இரண்டும் இல்லாதது என்று மூன்று தரம். பக்கத்துப் பக்கத்து மனையாக இருந்தாலும் விலை மூன்று.

ரோட்டுக்கு நிலம் எடுத்தால் அரசு எந்த விலையைப் பார்க்கும்?

2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் இது இருக்கிறது. வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று வருஷத்தில் பதிவான அதே ரக நிலங்களின் கிரயங்களில், விலை அதிகமாக எழுதிய பாதியை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது கூடுதலோ அது. கிராமப்புறம் என்றால் அதை 1 முதல் 2 வரையான எண்ணால் பெருக்கி, நிலத்தில் உள்ள மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பைக் கூட்டி, மொத்தத்துக்கு நூறு சதவீதம் ஆறுதல் தொகை சேர்ப்பார்கள்.

ஊரில் எல்லோரும் குறைத்தே எழுதி வந்திருந்தால் மேல் பாதியும் தாழ்ந்துதான் இருக்கும். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை அறிவிப்பு 2018-இல் வந்தபோது நிலம் கொடுக்க வேண்டிய விவசாயிகள் பலரும் திட்டத்தையே எதிர்த்தார்கள். பத்திரத்தில் இருந்த விலையால் பக்கத்து ஊரில் அதே மாதிரி நிலம் வாங்க முடியாது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிலமெடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ஓரளவு மாற்றியது. அறிவிப்பில் சர்வே எண் வந்துவிட்ட நிலத்தை யாரும் வாங்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அந்த வழித்தடத்தில் நடந்த ஒன்றிரண்டு கிரயத்தை வைத்து விலை முடிவு செய்யக் கூடாது.

மாநிலங்களையும் நாட்டின் பகுதிகளையும் ஒப்பிட இதே முறை போதுமா?

அடிப்படை இதேதான். ஆனால் நாடு முழுக்க ஒரே நில விலைக் குறியீடு இந்தியாவில் கிடையாது. தேசிய வீட்டு வசதி வங்கியின் ரெசிடெக்ஸ் 2007-இல் தொடங்கியது, குறிப்பிட்ட நகரங்களின் வீட்டு விலையைத்தான் சொல்லும். ரிசர்வ் வங்கியின் குறியீடும் சில பெருநகரங்களின் பதிவு விவரங்களிலிருந்து வருவது. சென்னை அதில் உண்டு, சேலம் இல்லை. ஆகவே நம் மாதிரி ஊர்களுக்குப் பத்திரத்திலிருந்து நாமே கட்டித்தான் ஆக வேண்டும்.

வழிகாட்டி மதிப்பு மகாராஷ்டிரத்தில் ரெடி ரெக்கனர், டெல்லியில் சர்க்கிள் ரேட், கேரளத்தில் ஃபேர் வேல்யூ என்று பெயர் மாறும். எல்லா இடத்திலும் அதற்கும் சந்தைக்கும் உள்ள விகிதம் வேறு. யார் வாங்கலாம் என்பதும் வேறு. தமிழ்நாட்டில் விவசாய நிலத்தை விவசாயி அல்லாதவரும் வாங்கலாம். மகாராஷ்டிரம், குஜராத்தில் விவசாயியாக இருக்க வேண்டும், இமாச்சலில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. கர்நாடகம் 2020-இல் தளர்த்தியது. வாங்குபவர் கூட்டமே வேறாக இருக்கும்போது ஏக்கர் விலையை நேராக ஒப்பிட்டால் மண்ணைப் பற்றிய முடிவு தவறாகிவிடும்.

பல பகுதிகளைச் சேர்த்து ஒரே எண் சொல்லும்போது இன்னொரு பொறி இருக்கிறது. முதல் வருஷம் நகரில் 100 கிரயம் தலா 20 லட்சம், கிராமத்தில் 100 கிரயம் தலா 8 லட்சம் என்றால் சராசரி 14 லட்சம். அடுத்த வருஷம் எந்த விலையும் மாறாமல் நகரில் 60, கிராமத்தில் 140 கிரயம் ஆனால் சராசரி 11.6 லட்சமாகிவிடும். விலை 17 சதவீதம் சரிந்ததாக யாராவது தலைப்புப் போடுவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் நிலையான பங்கு ஒன்றைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டு, அதே பங்கோடு எல்லா வருஷத்தையும் கணக்கிட்டால் இது நேராது.

அளவுகளை எப்படி மாற்றுவது?

1 ஏக்கர் 100 சென்ட், 43,560 சதுர அடி. 1 சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும்: 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர், 1 ஏர் 2.47 சென்ட். கர்நாடகத்துக் குண்டா 1,089 சதுர அடி. வடக்கே பிகா என்று சொன்னால் எந்த ஊர் பிகா என்று கேளுங்கள், மாநிலத்துக்கு மாநிலம் அளவு வேறு.

அவசரமாக விற்க வேண்டியிருக்கிறது, இதெல்லாம் பார்க்க நேரமில்லை. குறைந்தபட்சம் என்ன செய்வது?

மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணம், கணவர் இறந்தபின் கடன் என்று வருகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம் இழக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்வேன்: முன்பணம் வாங்குவதற்கு முன் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். வீட்டில் கல்லூரி படிக்கிற பிள்ளை இருந்தால் கூட உட்கார வையுங்கள். உங்கள் சர்வே எண்ணைச் சுற்றிப் பத்து எண்களுக்கு, கடைசி மூன்று வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வங்கிக் கடனோடு வாங்கிய கிரயம் இரண்டு கிடைத்தாலும் போதும், அதைச் சதுர அடிக்கோ சென்டுக்கோ வகுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே விலையாக எழுதாமல், இதிலிருந்து இதற்குள் என்று இரண்டு எண்ணாக எழுதுங்கள். கிரயம் நிறைய நடக்கும் தெருவாக இருந்தால் மேல் எண்ணில் நின்று பேசலாம், ஒரு மாதத்தில் ஆள் வருவார்கள். கிரயமே காணோம் என்றால் நடு எண்ணுக்கு வந்தவரை அனுப்பிவிடாதீர்கள். முன்பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள், ஒப்பந்தத்தில் பேசிய முழு விலையையும் கெடு தேதியையும் எழுதச் சொல்லுங்கள். இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்று தரகர் அவசரப்படுத்தினால், ஒரு நாள் தள்ளிப் போட்டு அந்தப் பத்து வில்லங்கத்தையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.